பொனேரில் டிரக்கை எடுத்தோமா, டைவ் அடித்தோமா: கேள்வி பதில்

கரீபியன் கடலில், வெனிசுலா கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சின்னத் தீவு பொனேர். 2010 அக்டோபரிலிருந்து நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் செலவழிப்பது அமெரிக்க டாலரில். அங்கே ஒரு பிக்கப் டிரக்கை வாடகைக்கு எடுத்து, பின்னால் ஸ்கூபா டைவிங்குக்கான காற்று டேங்குகளைப் போட்டுக்கொண்டு, பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கரையிலிருந்தே கடலுக்குள் இறங்கலாம். படகுக்குக் காத்திருக்க வேண்டாம். இதைப் பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஹோட்டல் வாடகை கேட்டவர்கள் மன்னிக்கவும், அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

கேள்வி (டொராண்டோ): கரீபியனில் எத்தனையோ தீவுகள் இருக்கின்றன. டைவிங் என்றாலே எல்லாரும் பொனேரைச் சொல்வது ஏன்?

காற்றுதான் முதல் காரணம். அங்கே வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து காற்று வீசும். அதனால் கிழக்குக் கரை எப்போதும் கொந்தளிப்பு, மேற்குக் கரை பெரும்பாலும் குளம். டைவ் இடங்கள் அநேகமாக எல்லாமே மேற்கில்தான். பவளப்பாறையும் கரைக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. கொஞ்ச தூரம் நீந்தினால் பத்து மீட்டர் ஆழத்தில் சரிவு ஆரம்பித்துவிடும். புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் புயல் ஆபத்தும் குறைவு.

அப்புறம், அந்த ஊர்க்காரர்கள் கடலைக் காப்பாற்ற ரொம்ப முன்பே கிளம்பிவிட்டார்கள். ஆமைக்குப் பாதுகாப்பு 1961இல், ஈட்டியால் மீன் குத்தத் தடை 1971இல், கடல் பூங்கா 1979இல். தீவைச் சுற்றி, எதிரே இருக்கும் கிளைன் பொனேர் என்ற குட்டித் தீவையும் சேர்த்து, 60 மீட்டர் ஆழம் வரை எல்லாமே பூங்காதான்.

வெள்ளை மணல் கடற்கரை, இரவு முழுக்கப் பாட்டு கூத்து என்று எதிர்பார்த்தால் அரூபாவுக்குப் போங்கள். பொனேரின் கரை பெரும்பாலும் கரடுமுரடான பவளக்கல். ஒன்பது மணிக்கு ஊர் அடங்கிவிடும்.

கேள்வி (சென்னை): அண்ணா, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா போதுமா? வேறு என்ன கட்டணம் உண்டு?

ஷெங்கன் பகுதியில் பொனேர் சேராது. நெதர்லாந்தின் கரீபியன் பகுதிகளுக்கென்று தனி விசா இருக்கிறது, டச்சுத் தூதரகம் வழியாக வாங்க வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு மாதிரி சில ஆவணங்கள் இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் கையில் இருப்பது அந்தப் பட்டியலில் வருகிறதா என்று டச்சு அரசின் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி விமானம் உண்டு, அமெரிக்காவின் சில நகரங்களிலிருந்தும் உண்டு.

பெரியவர்களுக்கு நுழைவு வரி 75 டாலர். இயற்கைக் கட்டணம் 40 டாலர், அதை வசூலிப்பது பூங்காவை நடத்தும் ஸ்டினாபா. இரண்டையும் கிளம்புவதற்கு முன் இணையத்திலேயே கட்டிவிடலாம். போய்ச் சேர்ந்ததும் டைவ் கடையில் ஒரு விளக்க வகுப்பு, பிறகு கடை வாசலிலேயே ஒரு சோதனை டைவ். பத்து வருட அனுபவம் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தப்பப் பார்க்கவும் வேண்டாம். உப்புநீரில் மூழ்க நீங்கள் எவ்வளவு ஈய எடை கட்ட வேண்டும் என்பதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (நியூ ஜெர்சி): டிரக் ஓட்டுவது எப்படி இருக்கும்? எனக்குப் பெரிய வண்டி பழக்கமில்லை.

சாலைக்கு வலது பக்கம் ஓட்ட வேண்டும், அது உங்களுக்குப் பழக்கம்தான். இந்தியாவிலிருந்து வருபவர்கள்தான் முதல் நாள் இண்டிகேட்டர் போடப் போய் வைப்பரைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தீவில் ஒரு டிராஃபிக் சிக்னல்கூட இல்லை. ஊருக்குள் ரவுண்டானாக்கள் இருக்கும். ஊருக்கு வெளியே கழுதைகளும் ஆடுகளும் இருக்கும். கழுதை நகரும் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் போகாதீர்கள், அது நகராது. இருட்டிய பிறகு தெற்குச் சாலையில் விளக்கே கிடையாது. சாம்பல் நிறக் கழுதை கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது. இரவு டைவ் முடித்து வரும்போது மெதுவாகவே வாருங்கள்.

பெரும்பாலான டிரக்குகள் கியர் வண்டிகள். பின்னால் டேங்குகளை நிறுத்தி வைக்கச் சட்டம் அடித்திருப்பார்கள். சாவி வாங்கும்போதே மூன்று விஷயம் பாருங்கள். அந்தச் சட்டம் ஆடாமல் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, சாவி சாதாரண உலோகச் சாவியா. ரிமோட் சாவியாக இருந்தால் தண்ணீர் புகாத டப்பா கேட்டு வாங்குங்கள், கடலுக்குள் உங்களோடு வரப்போவது அதுதான். மண் சாலையில் ஏற்படும் சேதம் காப்பீட்டில் வருமா என்றும் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் வராது.

டேங்க் எடுப்பது சுலபம். சில கடைகளில் வண்டியோடு உள்ளே போய், டேங்குகளை ஏற்றிக்கொண்டு மறுபக்கம் வெளியே வரலாம். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) எடுத்தால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து, டேங்கில் ஒட்டிய டேப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் அளந்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். 32 சதவீதக் கலவைக்கு 33 மீட்டர்தான் எல்லை.

கேள்வி (ஹூஸ்டன்): இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜிபிஎஸ் வேண்டுமா?

வேண்டாம். சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் இருக்கும், அதில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். கல்லுக்கு நேர் எதிரே கடலில் மிதவை தெரிந்தால் அதுதான் இடம்.

வடக்கே போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். ஆயிரம் படிகள் என்ற இடத்தைத் தாண்டியதும் கடற்கரைச் சாலை ஒருவழிப்பாதை ஆகிவிடும், வடக்கு நோக்கி மட்டும். அதற்கும் வடக்கே இருக்கும் கர்பட்டாவில் டைவ் அடித்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆயிரம் படிகள் பார்க்கலாம் என்று திட்டம் போட்டால், ரிங்கோன் என்ற ஊர் வழியாகத் தீவையே சுற்றித்தான் வர வேண்டும். முதலில் படிகள், பிறகு கர்பட்டா, ரிங்கோனில் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. படிகள் ஆயிரமெல்லாம் இல்லை, எழுபதை ஒட்டித்தான். முதுகில் டேங்கோடு மேலே ஏறி வரும்போது பெயர் சரிதான் என்று தோன்றும்.

கேள்வி (லண்டன்): திருட்டு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வண்டியைப் பூட்டாதீர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டே போங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். பூட்டிய வண்டிக்குள் ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள், திறந்த வண்டியைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று போய்விடுவார்கள். எனவே உள்ளே நிஜமாகவே ஒன்றும் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், போன், பணப்பை எல்லாம் அறையில். பழைய செருப்பு, துண்டு, தண்ணீர் பாட்டில் மட்டும் வண்டியில்.

கேள்வி (சிங்கப்பூர்): நானும் மனைவியும் இதுவரை படகிலிருந்துதான் குதித்திருக்கிறோம். கரையிலிருந்து இறங்குவதை நினைத்தால் அவளுக்குப் பயம். முறை என்ன?

அவர் பயப்படுவது நியாயம். பொனேரில் அடிபடுவது அதிகமும் முழங்கால் ஆழத் தண்ணீரில்தான், முப்பது மீட்டரில் அல்ல.

முதலில் வண்டியை ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டு நிறுத்துங்கள். பின்கதவை இறக்கி அதன் மேல் டேங்கை வைத்து, பிசிடி (காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்), ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சு இழுக்கும் கருவி) மாட்டுங்கள். ஒருவர் டேங்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துப் பட்டைகளுக்குள் கையை நுழைத்து எழுந்தால் போதும், குனிந்து தூக்க வேண்டியதில்லை. எழுவதற்கு முன் காற்று திறந்திருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை.

இனி கரையில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அலைகள் கூட்டமாக வரும், நடுவே ஓர் அமைதி வரும். அந்த அமைதியில் கிளம்ப வேண்டும். பிசிடியில் பாதிக் காற்று, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) கையில். கைகோர்த்துக்கொண்டு, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். கல்லுக்கு நடுவே கடல்முள்ளி இருக்கும், அடி தடித்த பூட்ஸ் கட்டாயம். இடுப்பளவு வந்ததும் மல்லாந்து மிதந்துகொண்டு ஃபின்ஸ் மாட்டுங்கள். திரும்பும்போது கரையில் நிற்கும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். விழுந்தால் எழுந்திருக்க முயலாமல் தவழ்ந்தே வந்துவிடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நேராக மிதவைக்கு நீந்தி, அதன் கயிற்றை ஒட்டியே இறங்குங்கள். கயிறு கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் என்ன பவளம் இருக்கிறது என்று பார்த்து வைத்தால் திரும்பி வரும்போது அடையாளம் தெரியும். நீரோட்டத்துக்கு எதிராகப் போய், அதோடு திரும்புங்கள். வழிகாட்டி கூட வராததால், எப்போது திரும்புவது என்று சொல்ல உங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. காற்று இவ்வளவு குறைந்தால் திரும்பிவிடுவோம் என்று தரையிலேயே பேசி வைத்துவிடுங்கள். முதல் நாளுக்கு ஊருக்குள் இருக்கும் பாரி ரீஃப் நல்லது, படித்துறையிலிருந்தே இறங்கலாம். அங்கே பழகிய பிறகு தெற்கே போகலாம்.

கேள்வி (துபாய்): நான் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைப் பயிற்சி மட்டும் முடித்தவன். ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பார்க்க முடியுமா?

மேலிருந்து பார்க்கலாம். 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல், வலது பக்கமாகச் சாய்ந்து மணலில் கிடக்கிறது. மணல் சுமார் 30 மீட்டர், மேல்விளிம்பு 18 மீட்டருக்குப் பக்கம். உங்கள் எல்லையும் 18தான். தண்ணீர் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே முழுக் கப்பலும் தெரியும். அதற்குக் கீழே போக அட்வான்ஸ்டு படிப்பு வேண்டும். உள்ளே நுழைவது அதற்கும் மேல்பட்ட பயிற்சி உள்ளவர்களுக்கு.

கதை சுவாரசியமானது. 1984இல் பழுதாகி வந்து நின்ற கப்பலைச் சோதனை போட்டபோது, போலித் தடுப்புக்குப் பின்னால் சுமார் 11 டன் கஞ்சா. உரிமை கேட்டு யாரும் வரவில்லை. ஓட்டை விழுந்து நீர் ஏறிக்கொண்டிருந்த கப்பலை இழுத்துவந்து இப்போதைய இடத்தில் கட்டிப்போட்டார்கள். செப்டம்பர் 12 அன்று மூழ்கியது.

கேள்வி (கோயம்புத்தூர்): தம்பி, மகன் குடும்பத்தோடு என்னையும் கூப்பிடுகிறான். எனக்கு நீச்சல் தெரியாது. அவர்கள் கடலுக்குள் போனால் நான் என்ன செய்வேன்?

போங்கம்மா, தாராளமாகப் பொழுது போகும். ஆனால் கரையில் காவல் உட்கார வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நிழல் கிடையாது. அரை நாள் அவர்கள் டைவ், அரை நாள் உங்களுக்கு வண்டி என்று பேசி வையுங்கள். கோட்டோ ஏரியிலும் தெற்கே உப்பளங்களிலும் ஃபிளமிங்கோ நிற்கும். உப்பளத் தண்ணீரே இளஞ்சிவப்பாக இருக்கும், பக்கத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு மலைகள்.

அங்கேயே கடற்கரையில், மூட்டு மடங்கி நுழைய வேண்டிய அளவுக்குச் சின்னச் சின்னக் கல்குடிசைகள் வரிசையாக நிற்கும். 1850இல் உப்பு அள்ளிய அடிமைகள் படுக்கக் கட்டியவை. வாரக் கடைசியில் அவர்கள் குடும்பத்தைப் பார்க்க ரிங்கோன் வரை நடந்தே போனார்களாம், தீவின் தென்கோடியிலிருந்து வடக்கே. டச்சு ஆட்சியில் அடிமை முறை ஒழிந்தது 1863இல். அந்தக் குடிசைகளுக்கு நேர் எதிரே டைவ் இடங்கள் இருப்பதால் சிலர் உள்ளே போய் உடை மாற்றுகிறார்கள். மகனிடம் சொல்லி வையுங்கள், அது உடை மாற்றும் அறை இல்லை.

கேள்வி (பெங்களூரு): டைவ் அடித்த அன்றே மலைச் சாலையில் ஓட்டலாமா? உயரமான இடம் ஆபத்து என்று படித்தேன்.

கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் போவதைப் பற்றித்தான் கவலை. தீவின் மிக உயரமான பிரான்டாரிஸ் குன்றே 241 மீட்டர். ரிங்கோன் சாலை அதைவிடத் தாழ்வு, தைரியமாக ஓட்டுங்கள். ஆனால் ஆழமான டைவ் முடித்த கையோடு பிரான்டாரிஸ் ஏறாதீர்கள், உயரத்துக்காக இல்லை, கடும் உழைப்புக்காக. விமானம் ஏற, பல நாள் டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நான் ஒரு முழு நாளே விடச் சொல்வேன். வடக்கே இருக்கும் வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்காவுக்கு அந்தக் கடைசி நாள் சரியாக இருக்கும். உயரமான வண்டி இல்லாமல் அங்கே போக முடியாது, உங்களிடம்தான் டிரக் இருக்கிறதே.

கேள்வி (பாரிஸ்): இரவு டைவில் என்ன விசேஷம்?

பௌர்ணமி கழிந்த இரண்டு மூன்று நாளில் போனால், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து டார்ச்சை அணைத்துவிடுங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற, கடுகைவிடச் சிறிய உயிரினத்தின் ஆண்கள் துணை தேடி ஒளிப்புள்ளிகளை வரிசையாக விட்டுக்கொண்டே மேலே போகும். மணி கோத்தது போல ஒரு பக்கம் எரியும், அணையும், உடனே பக்கத்தில் இன்னொரு வரிசை. நிலா எழுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

டார்ச் போட்டால் ஆள் நீளத்துக்கு டார்பன் மீன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் மேல் பாசம் இல்லை, வெளிச்சத்தில் மாட்டும் சின்ன மீனை அடிக்கத்தான். தூங்கும் மீன் மேல் ஒளியை நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி (மதுரை): கையுறை எடுத்துவரலாமா?

கூடாது, பூங்கா விதி. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றும். ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனும் கூடாது, முழுக்கை உடை போட்டுக்கொள்ளுங்கள். 2023இலிருந்து கல்பவளங்களைத் தின்றுகொண்டு போகும் நோய் ஒன்று அங்கே பரவியிருக்கிறது. உங்கள் சாமான்களைக் கடையில் வைத்திருக்கும் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுங்கள், நன்னீரில் அலசினால் மட்டும் போதாது. எந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்று அன்றன்று கடையில் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

கேள்வி (மெல்போர்ன்): கியர் வண்டி எனக்கு வராது. ஆட்டோமேட்டிக் டிரக் கிடைக்குமா?

கிடைக்கும், எண்ணிக்கை குறைவு. விமான டிக்கெட் போட்ட அன்றே வண்டியையும் பதிவு செய்துவிடுங்கள்.