ஒரே சொத்தின் மேல் இரண்டு வங்கிக் கடன் இருந்தால் முதலில் யாருக்குப் பணம் போகும்?

கேள்வி கேட்ட தம்பி சொன்ன சங்கதி இதுதான்: மாமாவுக்குக் கம்பத்தில் ஒரு குடோன், ஏற்கெனவே ஒரு வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம், குடோனில் ஏலக்காய் மூட்டைகள், ஒரு ஜீப், கூடவே பழைய விற்பனை வரி பாக்கி. இப்போது அதே குடோனைக் காட்டி இன்னொரு வங்கியில் கடன் கேட்கிறார். வியாபாரம் படுத்துவிட்டால் யாருக்கு முதலில்? "பத்திரம் யார் கையில் இருக்கோ அவர்தான் முதல்" என்கிறாராம் மாமா.

மாமா சொல்வது பாதி சரி. நான் கம்பத்தில் வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதுகிற வக்கீல். இந்தப் பக்கம் பத்திரமும் வில்லங்கமும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆதாரமும் (பத்திரம்) முன்னாதாரமும் (முந்தைய பத்திரம்) குடிக்கடச் சான்றிதழும் (வில்லங்கச் சான்று) என்று இரண்டு மாநிலக் காகிதத்தையும் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கும் வங்கிக்கும் நடுவில் அடமானம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. அந்த அடமானம் மூன்றாவது ஆளை, அதாவது இரண்டாவது வங்கியையோ வாங்க வருகிறவரையோ வரித்துறையையோ கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி. அசையாச் சொத்தில் அடமானப் பத்திரத்தை எழுதிப் பதிந்ததும், அல்லது அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததும் முதலாவது முடிந்துவிடும். இரண்டாவதற்குத் தேதி, பதிவேடு, கைவசம், அறிவிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அசையும் சொத்துக்கு இதைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் முடித்துவிடுவார்கள்: கடன்காரரின் மாநில அலுவலகத்தில் ஒரு படிவம் தாக்கல் செய்தால் 5 வருஷத்துக்குச் செல்லும், யார் முதலில் தாக்கல் செய்தார் என்பதை வைத்து வரிசை. நம்மிடம் சொத்துக்கொரு பதிவேடு, அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

குடோனுக்கு வருவோம். அசையாச் சொத்தில் அடிப்படை விதி 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு: முந்தி எழுதியவருக்கு முந்தி. பதிவான தேதியை விட எழுதிக் கையெழுத்திட்ட தேதிதான் முக்கியம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பதிவுச் சட்டம் 47ஆம் பிரிவின்படி, பதிவான ஆவணம் எழுதப்பட்ட நாளிலிருந்தே செல்லும். 3ஆம் தேதி எழுதி 20ஆம் தேதி பதிவான அடமானம், 10ஆம் தேதி எழுதி அன்றைக்கே பதிவானதை முந்திவிடும். அதனால்தான் ஒப்பீனியன் கொடுத்த பிறகும், கடன் பணம் போகும் முன் இன்னொரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்கள் என்று சொல்வோம். மேனேஜர்கள் சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வைக்கும் அடமானத்துக்கு இன்னும் ஒரு சலுகை. பதிவுச் சட்டம் 48ஆம் பிரிவின் விதிவிலக்குப்படி, அது பின்னால் எழுதிப் பதிவு செய்த அடமானத்தையும் முந்தும். மாமா சொல்வதில் பாதி சரி என்றது இதனால்தான். ஆனால் பத்திரம் கைமாறிய ஊர், அரசு இதற்காக அறிவித்த ஊராக இருக்க வேண்டும். நிலம் எந்த ஊரில் இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. வண்டன்மேட்டுத் தோட்டத்தின் ஆதாரத்தைச் சென்னையில் ஒப்படைத்தாலும் அடமானம் அடமானம்தான். நம் எல்லைப் பக்கத்தில் சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. பதிவு செய்யாத ஒப்படைப்பு எந்த வில்லங்கத்திலும் வராது. பதிவு செய்வதென்றால் அது நிலம் இருக்கும் இடத்துச் சார்பதிவகத்தில், அதாவது உடும்பன்சோலை தாலுகாப் பக்கம் ஏற வேண்டியது. கம்பத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றால் அந்தத் தோட்டத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். அங்கே கூட்டுறவு வங்கிக் கடன் என்றால் கஹான் என்று ஒன்று உண்டு. கடன்காரர் எழுதிக்கொடுக்கும் அறிவிப்பின் நகல் சார்பதிவாளருக்குப் போய்ப் பதிவேட்டில் ஏறிவிடும், குடிக்கடச் சான்றிதழில் தெரியும். அதைச் சரியாகப் படிக்கத் தெரியாமல் இந்தப் பக்கத்து வங்கிகள் தாண்டிப் போவதுண்டு.

பத்திரம் கையில் இருந்தும் முதல் இடம் போகலாம். "ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன் சார்" என்று மாமா அசலைக் கேட்டு, வங்கியும் கொடுத்து, அவர் அதை வேறொரு இடத்தில் வைத்துப் பணம் வாங்கிவிட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 78ஆம் பிரிவு முதல் வங்கியைப் பின்னுக்குத் தள்ளும். மோசடிக்கு மட்டுமல்ல, பெரிய அலட்சியத்துக்கும் அந்தத் தண்டனை உண்டு.

இரண்டாவது கடன் வாங்குகிற எல்லோரும் கோட்டை விடுகிற இடம் மேல்கடன், அதாவது முதல் வங்கி அதே அடமானத்தின் மேல் பிறகு கொடுக்கும் கூடுதல் கடன். முதல் வங்கி இன்றைக்கு 30 லட்சம் கொடுத்திருக்கிறது, இரண்டாவது வங்கி 20 லட்சம் கொடுக்கிறது, அதன் பிறகு முதல் வங்கி இன்னும் 20 லட்சம் கொடுக்கிறது என்று வையுங்கள். ஏலத்தில் குடோன் 60 லட்சத்துக்குப் போகிறது. வட்டியை விட்டுவிடுவோம். முதல் அடமானத்தில் "அதிகபட்சம் 50 லட்சம் வரை" என்று எழுதியிருந்து, இரண்டாவது வங்கிக்கு அந்த அடமானம் தெரிந்திருந்தால், அதே சட்டத்தின் 79ஆம் பிரிவுப்படி முதல் வங்கிக்கு 50 முழுசாக, இரண்டாவதுக்கு 10. அந்த வரி இல்லையென்றால் 93ஆம் பிரிவு: முதலுக்கு 30, அப்புறம் இரண்டாவதுக்கு 20, மிச்சம் 10 மறுபடி முதலுக்கு. ஒரே ஒரு வரியால் இரண்டாவது வங்கிக்கு 10 லட்சம் வித்தியாசம். ஆகவே முதல் வங்கியிடம் வெறும் தடையில்லாச் சான்று வாங்கினால் போதாது. எந்தத் தொகை வரைக்கும் எங்களுக்கு முதல் உரிமை என்று அவர்களே எழுதித் தர வேண்டும். இரண்டு வங்கியும் சமமாகப் பங்கிடுவது என்றால் அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், தானாக வராது.

கடன்காரர் கம்பெனியாக இருந்து கலைப்புக்குப் போனாலும் முதல், இரண்டாவது என்ற வரிசை அழிவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஐசிஐசிஐ வங்கிக்கும் சிட்கோ லெதர்ஸுக்கும் நடந்த வழக்கில் சொல்லிவிட்டது. மாமாவுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொரு வேலையும் உண்டு: அடமானத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாளில் பதிய வேண்டும். பதியாத சார்ஜை, அதாவது சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு இருக்கும் உரிமையை, கலைப்பாளர் ஏற்க மாட்டார். சொந்தப் பெயரில் நடத்துகிறார் என்றால் இதை விட்டுவிடலாம்.

வரி பாக்கியைப் பற்றி மாமா ரொம்பப் பயப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். 2009இல் சென்ட்ரல் பேங்குக்கும் கேரள அரசுக்கும் நடந்த வழக்கில், மாநில விற்பனை வரிச் சட்டம் "முதல் சார்ஜ்" என்று சொன்னால் வங்கி அடமானத்துக்கும் முன்னால் அரசுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிகள் அலறின. 2016இல் சர்ஃபேசி சட்டத்தை (வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தி விற்க வழிசெய்யும் சட்டம்) திருத்தி 26இ பிரிவைக் கொண்டுவந்தார்கள், அது 2020 ஜனவரி 24இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பதிவு செய்த வங்கிக்கு வரியை விட முன்னுரிமை. "பதிவு செய்த" என்பதுதான் இதில் உயிர். அந்தப் பதிவு செர்சாய் என்கிற மத்தியப் பதிவேட்டில். 2011இலிருந்து நடக்கிறது, ஆன்லைனில் சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடலாம். அதில் ஏறாத வங்கி சர்ஃபேசியில் சொத்தைக் கையகப்படுத்தவே முடியாது. செர்சாயில் பதிவு இல்லையென்றால் 26இ முன்னுரிமையும் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022இல் சொன்னது.

தோட்டம் விஷயம் வேறு. விவசாய நிலத்துக்கு சர்ஃபேசி கிடையாது. ஏலத்தோட்டம், ரப்பர் தோட்டமெல்லாம் அந்தக் கணக்கில் வருமா என்று கேரளத்தில் சண்டை ஓயவில்லை. வங்கி நீதிமன்றமோ கடன் மீட்புத் தீர்ப்பாயமோ போக வேண்டியிருக்கும் என்பதால் குடோனைப் போல அதை எடைபோட மாட்டார்கள். ஏலமலைக் குத்தகைப் பட்டா என்றால் இன்னும் சிக்கல், அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

மூட்டைகள் ஹைப்பாதிகேஷனில் இருக்கும், அதாவது உரிமை வங்கிக்கு ஈடாக, சரக்கு மாமா கையிலேயே. வங்கி குடோன் சுவரில் போர்டு மாட்டுவதும், மாதாமாதம் ஸ்டாக் கணக்குக் கேட்பதும் அதனால்தான். புற்றடி ஏலத்துக்கோ போடி ஏலத்துக்கோ மூட்டை கிளம்பிவிட்டால் வங்கி பிடிக்க வேண்டியது பணத்தைத்தான். அத்தையின் நகை எங்காவது இருந்தால் அதில் குழப்பமே இல்லை, நகையைக் கைவசம் வைத்திருப்பவருக்குத்தான் உரிமை. ஜீப்புக்கு ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று, அதாவது வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு, ஏறியிருக்க வேண்டும். கடன் முடிந்ததும் 35ஆம் படிவம் கொடுத்து அதை எடுக்கவும் மறக்காதீர்கள்.

சரி, மாமா இப்போது செய்ய வேண்டியது: முதல் வங்கியின் அடமானப் பத்திரத்தில் அதிகபட்சத் தொகை என்ன எழுதியிருக்கிறது என்று நகல் வாங்கிப் பார்ப்பது, செர்சாயில் குடோன் எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்று தேடுவது, வண்டன்மேட்டு நிலத்துக்குக் குடிக்கடச் சான்றிதழ் போடுவது. முதல் கடனை முழுசாக அடைத்துவிட்டு ஒரே வங்கிக்கு மாறுவதாக இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 30 நாளில் அசல் பத்திரம் திரும்பி வர வேண்டும், பதிவேடுகளில் சார்ஜும் நீங்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். இது 2023 டிசம்பர் 1இலிருந்து இருக்கிறது, எழுத்தில் கேட்டால்தான் வேலை நடக்கும்.