அடுப்படியும் ஆய்வுத் துறையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சமையற்கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் 'உணவு ஆய்வியல்' என்ற பெயரில் முனைவர் பட்டம் வரை படிக்கலாம் என்கிறார்கள். சமையல் கற்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இத்துறையை உருவாக்கியவர்கள் சமையற்கலைஞர்கள்தாமா?

பதில்: வெங்காயம் வாணலியில் பொன்னிறமாகும்போது தீயைக் குறைக்க வேண்டுமா, ஒரு கைப்பிடி நீர் தெளிக்க வேண்டுமா என்பதைச் சொல்லித் தருவது சமையற்கல்வி. அதே வெங்காயத்தைப் பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, அதன் விலை ஏறினால் எந்த வீட்டின் குழம்பு நீர்த்துப் போகிறது, அதை நறுக்கும் வேலை ஏன் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுகிறது என்று கேட்பது உணவு ஆய்வியல். முதலாவது கைக்குப் பயிற்சி தருகிறது. இரண்டாவதற்கு வரலாறு, மானுடவியல், பொருளியல், ஊட்டச்சத்து ஆகிய அனைத்தும் துணைக்கு வர வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் மேரியன் நெசிலின் வாழ்க்கையே பதில். (ஆங்கிலத்தில் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும், நெஸ்லே சாக்லேட் நிறுவனத்துக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.) 1936இல் பிறந்த அவர் சமையற்கலைஞர் அல்லர், 1968இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது ஊட்டச்சத்துப் பாடம் ஒன்றை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதுவே அவருடைய திசையை மாற்றியது. பிறகு கலிபோர்னியாவில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார். முனைவர் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பின்பு, ஏறத்தாழ 50 வயதில், மறுபடியும் மாணவியாகிப் பொதுச் சுகாதார ஊட்டச்சத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அடுத்து அமெரிக்க நலவாழ்வுத் துறையில் பணியாற்றி, ஊட்டச்சத்து குறித்து 1988இல் வெளிவந்த அரசு அறிக்கையின் பதிப்பாசிரியராக இருந்தார்.

அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவரானார். அவர் கைக்கு வந்தது, மனையியல் என்ற பழைய பெயரைச் சுமந்திருந்த துறை. பெண்களுக்கான வீட்டுப் பாடம் என்று பலரும் குறைத்து மதித்துவந்த மனையியலின் வழித்தோன்றலாக, 1996இல் உணவு ஆய்வியல் பட்டப் படிப்பை அவர் தொடங்கிவைத்தார். உணவக ஆலோசகர் கிளார்க் உல்ஃப் இதில் அவருடன் தோள் கொடுத்தார். 2003 வரை அவரே துறைத் தலைவர். 2002இல் வந்த அவருடைய 'உணவு அரசியல்' என்ற நூல், உணவு நிறுவனங்கள் அரசின் ஊட்டச்சத்து அறிவுரைகளையே எப்படி வளைக்கின்றன என்று காட்டியது. ஆனாலும், நூல்களைவிட அந்தத் துறையை நிறுவியதே அவருடைய பெரும்பணி என்பது என் கருத்து. நூலை ஒருவர் தனியே எழுதிவிடலாம். ஒரு புதிய பாடத்துக்குப் பட்டம், ஆசிரியர் பணியிடம், நூலகம் ஆகிய மூன்றையும் பெற்றுத் தருவதற்கு, ஐயுறும் சக பேராசிரியர்களை ஆண்டுக்கணக்கில் இணங்கவைக்கும் பொறுமை வேண்டும். இன்று அப்பல்கலைக்கழக நூலகத்தின் உணவு ஆய்வியல் தொகுப்பு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பழைய சமையல் குறிப்பேட்டில் எண்ணெய்க் கறை படிந்த பக்கமும், ஓரத்தில் பென்சிலால் எழுதிய 'சர்க்கரையைக் குறை' என்ற ஒரு வரியும் ஆய்வாளருக்கு ஆவணங்கள்தாம். அவற்றைப் பாதுகாக்க ஓர் இடம் இருந்தால்தான் நாளைய மாணவர் அவற்றைப் படிக்க முடியும்.

சமையற்கலைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமையல், உணவுப் பண்பாட்டுப் படிப்புகள் உருவாக ஜூலியா சைல்டும் ஜாக் பெப்பானும் துணைநின்றார்கள்.

கேள்வி: உணவகச் சமையலறையில் பல ஆண்டுகள் உழைத்த என்னைப் போன்றவர் இத்துறைக்குள் நுழைய இயலுமா?

பதில்: இயலும். இளநிலைப் பட்டம் இல்லையெனில் அதை முதலில் முடியுங்கள். விண்ணப்பக் கட்டுரையில் நீங்கள் சமைத்த உணவுகளைப் பட்டியலிடுவதைவிட, சமையலறையில் உங்களை உறுத்திய ஒரு கேள்வியை எழுதுங்கள்: தட்டுகளில் மீந்து குப்பைக்குப் போகும் உணவு எவ்வளவு, அது ஏன் மீந்தது என்பது போல.