அமெரிக்காவில் டயாலிசிஸ் பிரிவில் டிராவல் நர்ஸாகப் பணிபுரிவது எப்படி இருக்கும்?

ஒரே மையத்தில் மூன்று ஆண்டுகள் டயாலிசிஸ் செவிலியராக இருந்த பிறகே நான் டிராவல் நர்ஸாக, அதாவது ஊர் ஊராகச் சென்று குறுகிய கால ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பணிக்கு மாறினேன். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரங்கள். செவிலியர் உரிமத்தைத் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் டெக்சாஸ் போன்ற கூட்டு உரிம மாநிலங்களில் ஒரே உரிமம் செல்லும்; கலிபோர்னியா அதில் சேராததால் அங்கே தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சம்பளம் நிரந்தரப் பணியைவிடக் கூடுதல்தான், ஆனால் ஒப்பந்தம் பாதியில் ரத்தானால் வீட்டு வாடகை நம் தலையில் விழும்.

மற்ற வார்டுகளில் நோயாளியும் புதியவர், செவிலியரும் புதியவர். டயாலிசிஸ் மையத்திலோ அதே மனிதர்கள் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருப்பார்கள். அங்கே புதியவர் நீங்கள் மட்டுமே. விடியற்காலை இருட்டில் வந்து அமரும் முதல் நோயாளி, உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ஊசி போட வேறு யாரும் இல்லையா?" என்று கேட்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அவருடைய உயிர் அந்தக் கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காக அறுவை செய்து தமனியோடு இணைத்த சிரையில் ஓடுகிறது. நான் முதலில் விரல்களை வைத்து, ஓடும் தையல் இயந்திரத்தைத் தொட்டதுபோன்ற அந்த அதிர்வை உணர்ந்து, ஸ்டெதாஸ்கோப்பில் ஓசையைக் கேட்டு, பிறகு எந்த இடத்தில் குத்தலாம் என்று அவரிடமே கேட்பேன். பெரும்பாலும் அவர் சொல்லும் இடமே சரியாக இருக்கும்.

நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் இந்தப் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. என் முதல் ஒப்பந்தத்தில், ஒருவருடைய டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 78 கிலோ என்று பதிவாகியிருந்தது. அன்று அவர் 81.5 கிலோ இருந்ததால், 3.5 லிட்டர் நீரை எடுக்கும்படி இயந்திரத்தை அமைத்தேன். மூன்றாம் மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அவர் அலறினார், இரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனது. நீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் கொடுத்து, காலை உயர்த்தி வைத்த பிறகே தெளிந்தார். ஒரு மாதமாக மகள் வந்து சமைத்துப் போடுவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தார். கூடியதில் பாதி உடம்பில் ஏறிய சதை என்பது எனக்கு உறைக்கவில்லை. அவரை நெடுநாள் பார்த்த செவிலியராக இருந்தால் மருத்துவரை அழைத்து அந்த எண்ணை மாற்றச் சொல்லியிருப்பார்.

இயந்திரம் அவ்வளவு சிரமமில்லை, இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். டயாலிசிஸுக்கான நீரைச் சுத்திகரிக்கும் தண்ணீர் அறையில்தான் அவசரப்படக் கூடாது. ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு ஏறத்தாழ 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் ஓடுகிறது. அதற்கான நீரில் குளோரின் மிச்சமிருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். முந்தைய ஷிஃப்ட்டில் பார்த்துவிட்டதாக யார் சொன்னாலும், என் கையால் சோதிக்காமல் நான் யாரையும் இணைப்பதில்லை.

டயாலிசிஸில் இரண்டு ஆண்டுகளாவது முடிக்காமல் இதில் இறங்க வேண்டாம். நேர்காணலின்போது, அறிமுகப் பயிற்சி எத்தனை நாள், ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை.