பாலாற்றங்கரையில் கண்டி ராஜா

ஐயா,
போன வாரம் பையனோடு வேலூர் கோட்டைக்குப் போய் மியூசியம் பார்த்து வந்தேன். பிரிந்து கிடக்கும் சமூகங்களை இந்த மாதிரி இடங்கள் சேர்த்துவைக்கும் என்று ஒரு கூட்டத்தில் நீங்கள் பேசினீர்கள். எனக்கென்னவோ பழைய புண்ணைக் கிளறத்தான் இவை பயன்படும் என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

மேடையில் கொஞ்சம் சுலபமாகச் சொல்லிவிட்டேன். கட்டடம் தானாக யாரையும் சேர்த்துவைக்காது. 1806 ஜூலையில் அதே கோட்டையில் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து ஒன்றாக எழுந்தார்கள். நெற்றிக் குறியிலும் தாடியிலும் ஒரே உத்தரவு கைவைத்ததும் அதற்கு ஒரு காரணம். அதற்கான நினைவுத்தூண் மக்கான் சிக்னலில் நிற்கிறது. பஸ் பிடிக்கிற அவசரத்தில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்?

கோட்டையிலிருந்து அப்படியே பாலாற்றுப் பக்கம் வண்டியை விட்டிருந்தால் முத்துமண்டபம் வந்திருக்கும். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் சமாதி அங்கேதான். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. 1815-இல் வெள்ளைக்காரர்கள் பிடித்து, மறுவருடம் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832-இல் இங்கேயே இறந்தார். நாம் அவரைத் தமிழ் மன்னர் என்கிறோம். சிங்களருக்கோ அவர் புத்தரின் புனிதப் பல்லைக் காத்த பௌத்த அரசர். அவர் கொடியில் இருந்த சிங்கம்தான் இன்று இலங்கையின் தேசியக் கொடியில் வாளோடு நிற்கிறது.

சில வருடங்களுக்கு முன் அங்கே கண்டியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியைப் பார்த்தேன். கூட இருந்த நம்மூர்க் கல்லூரிப் பையன், "இவர் எங்க ராஜா" என்று பெருமையாகச் சொன்னான். பெரியவர் சிரித்தார். அரைகுறைத் தமிழில், "பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வேறு பாடம்" என்றார். 1814-இல் எஹெலப்பொல என்ற பிரதானியின் பிள்ளைகளை ராஜா கொல்லச் சொன்ன கதை அது. அண்ணன் தயங்க, தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தை நீட்டினானாம். அங்கே அவன்தான் குழந்தைகளுக்கு வீரன். பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்புறம் அவனாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தான். அரை மணி நேரம் மூவரும் திண்ணைப் பேச்சு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் எழுதி வைத்திருந்ததை நாங்கள் யாரும் படிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்!

புண்ணைக் கிளறியது உண்மைதான். ஆனால் அந்தப் பெரியவர் சமாதியில் பூ வைத்துக் கும்பிட்ட பிறகுதான் இந்தக் கதையையே ஆரம்பித்தார்.