ஸ்பானிஷ் 'ரெகொனோசேர்' ஆங்கிலத்தில் எப்போது 'அட்மிட்' ஆகும்?

பாளையங்கோட்டையில் ஸ்பானிஷ் படிக்கும் ஒருவர் கேட்கிறார்: ரெகொனோசேர் வந்தாலே ரெகக்னைஸ் என்று எழுதிவிடலாமா?

கூடாது. பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஆள் வந்தால் பெரும்பாலும் ரெகக்னைஸ்தான். ஜங்ஷன் கூட்டத்தில் பெரியப்பா மகனை அடையாளம் கண்டுகொள்கிறோமே, அந்த மாதிரி. 'கே' என்று தொடங்கி ஒரு முழு வாக்கியம் வந்தால் ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். 'ரெகொனோஸ்கோ கே மே எக்கிவோக்கே' என்றால் 'ஐ அட்மிட் ஐ வாஸ் ராங்'. இங்கே ரெகக்னைஸ் போட்டால் மனசுக்குள் உணர்ந்ததாகத்தான் தொனிக்கும், வாய்விட்டுச் சொன்னது காணாமல் போய்விடும். "அண்ணாச்சி, அல்வா எடையில நான்தான் கோட்டை விட்டுட்டேன்" என்று கடைப்பையன் சொல்வது சாட்சாத் அட்மிட்.

தப்பு எதுவும் இல்லாத இடத்தில் அட்மிட் உறுத்தும். ஒருவருடைய உழைப்பை மதித்துச் சொல்வதற்கு அக்நாலெட்ஜ் போடுங்கள். தகப்பன் ஒரு குழந்தையைச் சட்டப்படி தன் பிள்ளை என்று ஏற்பதற்கும் ஸ்பானிஷில் ரெகொனோசேர்தான். ஆள் வந்தாலும் அங்கே அக்நாலெட்ஜ்தான் சரி.

(ஸ்பானிஷ் எழுத்தில் இந்தச் சொல் நம் விகடகவி மாதிரி, திருப்பி வாசித்தாலும் அதேதான்.)

அப்புறம், அட்மிட்டீர் என்றே ஒரு வினை உண்டு. அதற்கும் ஒப்புக்கொள்வது என்ற பொருள் இருக்கிறது. ஆனால் கடை வாசலில் 'நோ சே அட்மிட்டென் பெர்ரோஸ்' என்று இருந்தால் நாய்களுக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். நாய்கள் எதையும் மறுக்கவில்லை!