சோலைக்கிளி கிளியா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் விடுதிக்குப் பின்னால், சோலை ஓரத்துச் சருகில், விடிகாலையில் ஒரு பறவையைப் பார்த்தேன். ஏறத்தாழச் சிட்டுக்குருவி அளவு. மங்கிய நீல முதுகு, செங்காவி விலா, நீண்ட கால்கள். உடன் வந்தவர் 'நீலகிரி சோலைக்கிளி' என்றார். மூக்குகூடக் கிளி மாதிரி இல்லையே, கேலி செய்தாரா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

கேலி இல்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. நாம்தான் அந்தச் சொல்லைப் பச்சைக்கிளிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம்.

1844இல் இதை முதலில் விவரித்த பறவையியலாளர் ஜெர்டன் செவ்வால் பறவைகளோடு சேர்த்தார். பிறகு வந்தவர்கள், வாடகை வீடு மாற்றுவதுபோல, பேரினம் பேரினமாக (நெருங்கிய இனங்களின் குழுதான் பேரினம்) மாற்றினார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் இது நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 2017இல் ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலான ஆய்வாளர்கள் தனிப் பேரினமே வகுத்து 'ஷோலிகோலா' என்று பெயரிட்டார்கள். சோலைவாசி என்று பொருள். நம் சொல்லுக்கு லத்தீன் வால். ஆங்கிலப் பெயரும் 'ஷோலாகிலி'தான்.

சோலைவாசி என்ற பெயருக்கு இது முழுத் தகுதி உடையது. நீலகிரிக்குத் தெற்கே உள்ள பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30, 40 கிலோமீட்டர். சிறகுள்ள பிராணிக்கு அது ஒரு தூரமா? ஆனால் குளிர்ந்த, ஈரமான மலைக்காடான சோலையை விட்டு வெயில் காயும் சமவெளிக்கு இது இறங்குவதில்லை. பல லட்சம் ஆண்டுகளாக இறங்கவில்லை. அதனால் கணவாய்க்குத் தெற்கே, ஆனைமலையிலும் பழனி மலையிலும் இருப்பது வேறு இனம், வெண்வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பக்கம் போனால் இன்னொரு கிளை.

அவை இயற்கை வெட்டிய இடைவெளிகள். தேயிலையும் 'வாட்டில்' எனப்படும் சீகை மரமும் தைலமரமும் நட்டு நாம் வெட்டியவை இருநூறு ஆண்டுகளுக்குள் வந்தவை. வெண்வயிற்றுச் சோலைக்கிளிகளின் பாட்டைப் பதிவு செய்து ஒப்பிட்டபோது, காடழிந்து பிரிந்துபோன சோலைகளிலும் பாட்டு வேறுபடத் தொடங்கியிருப்பது தெரிந்தது. உங்கள் நீலகிரிப் பறவையோ, உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. விடுதிக் கொல்லையில் சுலபமாகக் கிடைத்த காட்சி என்று எண்ணிவிடாதீர்கள்.

சருகில் பூச்சி பொறுக்குவதைப் பார்த்துவிட்டீர்கள். அடுத்து ஏப்ரல், மே மாதங்களில் போனால், மரப்பொந்திலோ மண்மேட்டுக் குழியிலோ கூடு இருக்கலாம், நெருங்க வேண்டாம். கொடைக்கானலுக்குப் போனால் விலாவைக் கவனியுங்கள். அங்கே செங்காவி இருக்காது.

அன்புடன்.