படுக்கையாகிவிட்ட அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தால் நோய் தொற்றிக்கொள்ளுமா?

பக்கவாதத்தால் படுக்கையாகிவிட்ட அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க எண்ணுவதாகவும், அங்கே நோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய என் அம்மா, தம் கடைசி மூன்று ஆண்டுகளை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் இல்லத்தில் கழித்தார். வாரம் இருமுறை போய்ப் பார்த்துவந்த மகளாக நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

அபாயம் உண்டு. ஒரே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்திருக்க, இரண்டு பணிப்பெண்கள் எல்லாரையும் குளிப்பாட்டி, சோறூட்டி, பெம்பர்ஸ் மாற்றும் இடத்தில், கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் பெரும்பாலும் கைவழியாகவே போகிறது. ஆனால் தொற்று வருவதைவிட, வந்தது தெரியாமல் போவதே எனக்குப் பெரிய அச்சம்.

அம்மாவுக்கு முதல்முறை நிமோனியா வந்தபோது காய்ச்சலும் இல்லை, சொல்லும்படியான இருமலும் இல்லை. காலைக் கோப்பியை வேண்டாம் என்றார், என்னைத் தம் தங்கையின் பெயரால் அழைத்தார், பகலெல்லாம் தூங்கினார். வயதானால் அப்படித்தான் என்று இல்லத்தில் சொன்னதை நானும் நம்பியதால் இரண்டு நாள் வீணாயிற்று. முதியவர்களின் உடல்வெப்பம் இயல்பாகவே குறைவாக இருக்கலாம் என்பதால், ஒருமுறை அளந்து 37.8 பாகை செல்சியஸ் இருந்தாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 பாகை கூடியிருந்தாலோ அதைக் காய்ச்சலாகவே கருத வேண்டும் என்று பிறகுதான் மருத்துவர் விளக்கினார். எனவே அப்பா நலமாக இருக்கும்போதே நான்கைந்து நாள் வெப்பத்தை அளந்து எழுதி வையுங்கள். திடீர்க் குழப்பம், உணவில் வெறுப்பு, நிமிடத்திற்கு 25-ஐத் தொடும் மூச்சு ஆகியவற்றை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கக்கூடும். வாயிலுள்ள கிருமி உணவோடும் எச்சிலோடும் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா ஆகிவிடும். ஆகவே இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்பே விழுங்கும் திறனைச் சோதித்துத் தரும்படி மருத்துவமனையில் கேளுங்கள். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுகிறார்களா, உண்டபின் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கவிடுகிறார்களா, நாளுக்கு இருமுறை பல் துலக்கிவிடுகிறார்களா, இரவில் பொய்ப்பல்லைக் கழற்றி வைக்கிறார்களா என்று பாருங்கள். வாய்ச் சுத்தம் அழகுக்காக என்று நினைத்திருந்த எனக்கு, நுரையீரலைக் காப்பதே அதுதான் என்பது தாமதமாகவே புரிந்தது.

சிறுநீர் நாற்றமடித்தால் உடனே ஆன்டிபயாடிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவது நம் குடும்பங்கள் செய்யும் தவறு. பராமரிப்பு இல்லங்களில் வாழும் மூதாட்டிகளில் நூற்றுக்கு 25 முதல் 50 பேருக்கு எந்த நோயும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். நெடுநாள் சிறுநீர்க்குழாய் பொருத்தியிருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும். நோய்க்குறி இல்லாதபோது மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். அப்பாவுக்குக் குழாய் போட்டிருந்தால், அது ஏன், எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

சொறிசிரங்கைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு தீபாவளியின்போது அம்மா இரவெல்லாம் விரலிடுக்கையும் இடுப்பையும் சொறிந்தார்; தோல் வறட்சி என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். முதன்முறை தொற்றுபவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகுமாம். அதற்குள் கூடத்தில் ஆறு பேருக்கும், பாட்டியின் மடியில் படுத்துவந்த என் மகனுக்கும் பரவிவிட்டது. இல்லத்தார் அரித்தவர்களுக்கு மட்டும், அதுவும் வெவ்வேறு நாளில் பெர்மெத்ரின் என்ற களிம்பைப் பூசியதால் அது இருமுறை திரும்பி வந்தது. பணியாளர், நெருங்கிப் பழகிய உறவினர் உட்பட அனைவருக்கும் ஒரே நாளில் 5 விழுக்காட்டுக் களிம்பைப் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசி, துணிகளைச் சுடுநீரில் துவைத்த பிறகே ஓய்ந்தது.

வயிற்றுப்போக்கு பரவும் நாளில் கைக்குக் கிருமிநாசினி ஜெல் போதாது; வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் சோப்புக்கும் தண்ணீருக்கும்தான் போகும். இந்நாட்டில் ஃப்ளூ ஆண்டு முழுவதும் இருப்பதால், ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றியும், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசியைப் பற்றியும் அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். இல்லத்தின் பதிவுச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, காலையில் குளிப்பாட்டும் நேரத்தில் போங்கள். ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டு அடுத்தவரைத் தொடுமுன் பணிப்பெண் கை கழுவுகிறாரா என்பதே எனக்கு முதல் அளவுகோல். சேர்த்த பிறகு, போகும்போதெல்லாம் போர்வையை விலக்கி அப்பாவின் பின்னிடுப்பையும் குதிகாலையும் நீங்களே பாருங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் அங்கேதான் முதலில் தோல் சிவக்கும். புண்ணானால் கிருமிக்கு அதுவே வாசல்.

முதல் நிமோனியாவுக்குப் பிறகு அம்மாவின் கட்டிலில் ஒரு பள்ளி நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். உடல்வெப்பம், உணவு, தூக்கம், பேச்சு என்று நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும் என்று பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். இந்தோனேசியாவைச் சேர்ந்த அந்தப் பெண் தவறாமல் எழுதினார். ஒருநாள் மாலை போனபோது, "தா மாவு கோப்பி" என்று மட்டும் எழுதியிருந்தது. கோப்பி வேண்டாமாம். அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மீண்டும் நிமோனியாதான், ஆனால் தொடக்க நிலையிலேயே பிடித்துவிட்டார்கள். பத்தாம் நாள் அம்மா தம் கட்டிலுக்குத் திரும்பிவந்து கோப்பி கேட்டார்.